நாய்க்கோ பூனைக்கோ அவசரம் வந்தால்: போனில் கேட்பதா, டாக்டரை வீட்டுக்கு அழைப்பதா, மருத்துவமனைக்கு ஓடுவதா?

நாய், பூனை வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் வழக்கமாகப் போகும் ஒரு டாக்டர் இருப்பார். தடுப்பூசி, குடற்புழு மருந்து, காதில் புண் என்று வருடத்தில் சில தடவை போய்வரும் இடம். அந்த கிளினிக் பூட்டிய பிறகு ஏதாவது நடந்தால் எங்கே போவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், "அப்போ பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்த நேரம் வரும்போது கை நடுங்கும். இணையத்தில் தேடி எடுத்த நம்பரில் யாரும் பேச மாட்டார்கள். ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். இதற்குள் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும்.

நம் முன்னால் இருப்பவை ஐந்து வழிகள்தான். காலை வரை பொறுத்து வழக்கமான டாக்டரிடம் போகலாம். போனிலோ வீடியோவிலோ ஆலோசனை கேட்கலாம். டாக்டரை வீட்டுக்கு வரச்சொல்லலாம். இரவிலும் இயங்கும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். வீட்டிலேயே நம் கையால் ஏதாவது செய்து பார்க்கலாம். செலவு, தூரம், அலைச்சல் ஆகியவற்றை வைத்துத்தான் பலரும் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது தவறான அளவுகோல் என்று உறுதியாக நினைக்கிறேன். அந்த உடம்பு நமக்கு எவ்வளவு நேரம் தருகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த வழி என்பது அநேகமாகத் தானே முடிவாகிவிடும்.

எவ்வளவு நேரம் இருக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். மேல் உதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி நிறம் திரும்ப வேண்டும். ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கலாம், அல்லது ரத்த ஓட்டம் சரிந்திருக்கலாம். நீலம் கலந்திருந்தால் ஆக்சிஜன் போதவில்லை. அழுக்குப் பழுப்பாக இருந்தால் விஷம் ஏதாவது ரத்தத்தைக் கெடுத்திருக்கலாம். பாராசிட்டமால் தின்ற பூனைக்கு இப்படித்தான் ஆகும். இந்த நிறங்களில் எதைப் பார்த்தாலும் யோசிக்க நேரமில்லை, கிளம்ப வேண்டியதுதான். சில இனங்களுக்குப் பிறவியிலேயே ஈறு கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்கலாம். ஒரு நல்ல நாளில் உங்கள் நாயின் ஈறை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது மூச்சு. தூங்கும் நாயோ பூனையோ நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு விட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதை நாய் இளைப்பது போல எடுத்துக்கொள்ளக் கூடாது. பூனைகள் முடிந்தவரை வாயை மூடிக்கொண்டேதான் மூச்சு விடும். திறந்துவிட்டது என்றால் நிலைமை மோசம்.

இனி, பார்வைக்குச் சாதாரணமாகத் தெரிந்து ஆளை ஏமாற்றும் ஒன்றைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஆண் பூனை லிட்டர் பாக்ஸுக்குள் போகிறது. உட்காருகிறது, முக்குகிறது, வெளியே வருகிறது. ஐந்து நிமிடத்தில் மறுபடி போகிறது. மண்ணைக் கிளறிப் பார்த்தால் ஈரமே இல்லை, இருந்தாலும் ஒரு சொட்டு. அப்புறம் ஒரு மூலையில் உட்கார்ந்து அடியில் நக்கிக்கொண்டே இருக்கிறது. தூக்கினால் கத்துகிறது. பெரும்பாலானவர்கள் இதை மலச்சிக்கல் என்று நினைத்து, காலையில் பார்ப்போம் என்று படுத்துவிடுகிறார்கள். ஆனால் ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. படிகங்களோ சளி போன்ற கட்டியோ போய் அடைத்துக்கொண்டால் சிறுநீர் வெளியேறாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது இதயத் துடிப்பைக் குலைக்கும். முழு அடைப்பாக இருந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போய்விடக்கூடும். நீங்கள் கவனிப்பதற்கு முன்பே அதில் எத்தனை மணி நேரம் கழிந்தது என்றும் தெரியாது. எனவே ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் மணி எதுவானாலும் கிளம்பிவிடுங்கள்.

நாய்களில் இதற்கு நிகரான அபாயம் வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்ற ஆழமான மார்புள்ள பெரிய நாய்களில் அதிகம். நாய் வாந்தி எடுக்க முயலும், ஆனால் நுரையைத் தவிர எதுவும் வராது. நிலைகொள்ளாமல் நடக்கும், வயிறு இறுகும். இதற்கு அறுவை சிகிச்சைதான் வழி, அதுவும் சில மணி நேரத்துக்குள். சோடா, ஜெலுசில் என்று கொடுத்துப் பார்ப்பதில் போகும் ஒவ்வொரு நிமிடமும் வீண்.

காலை வரை பொறுக்கலாமா?

பல சமயம் பொறுக்கலாம். இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் பதறி ஓடினால் நாய்க்கும் அலைச்சல், குடும்பத்துக்கும் செலவு. ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு வாலாட்டிக்கொண்டு சாப்பாடு கேட்கும் வளர்ந்த நாய், தண்ணீர் குடித்துக்கொண்டு இளகலாக மலம் போகும் நாய், லேசாக நொண்டினாலும் காலை ஊன்றும் பூனை, உடைந்த நகத்தில் வந்து நின்றுவிட்ட ரத்தம் இவையெல்லாம் காலைக்கானவை. வழக்கமான டாக்டருக்கு உங்கள் செல்லத்தின் வரலாறு தெரியும். அது பெரிய வசதி.

ஆனால் இந்தத் தாராளம் வளர்ந்த, ஆரோக்கியமான பிராணிக்கு மட்டும்தான். குட்டிகள் வாந்தி, பேதியில் சீக்கிரம் வற்றிவிடும். 24 மணி நேரத்துக்கு மேல் பூனை சாப்பிடாமல் இருந்தால் டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும். பட்டினி நீண்டால் அதன் கல்லீரலில் கொழுப்பு படிந்து தனி நோயாகிவிடும். முயல் 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தாலே அவசரம். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்த சில வாரங்களில் சோர்ந்து, நிறைய தண்ணீர் குடித்து, வாந்தியும் எடுத்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். வெளியே சீழ் வடிந்தால்தான் அந்த நோய் என்று இல்லை.

வண்டியில் அடிபட்ட நாய் எழுந்து நடந்துவிட்டாலும் காலை வரை விடாதீர்கள். நுரையீரல் நசுங்கல், உள்ரத்தக் கசிவு, சிறுநீர்ப்பைக் கிழிசல் எல்லாம் சில மணி நேரம் கழித்தே வெளியே தெரியும்.

போன்: தனி வழி அல்ல, முதல் அடி

போன் ஆலோசனையை மருத்துவமனைக்கு மாற்றாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திரையில் பார்க்கும் டாக்டரால் வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது, நுரையீரலைக் கேட்க முடியாது. நேரில் பார்க்காத விலங்குக்கு மருந்து எழுதித்தர பல நாடுகளில் சட்டமும் இடம் தருவதில்லை. ஆனால் இரண்டு காரியங்களுக்குப் போனை விடச் சிறந்தது எதுவும் இல்லை. ஒன்று, போக வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க. இன்னொன்று, விஷம்.

விஷத்தில் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் பொன்னானது. வயிற்றில் இருப்பதை வெளியே எடுக்க முடிவது அப்போதுதான். ஆனால் எல்லா விஷத்துக்கும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஆசிட், கழிவறை சுத்திகரிப்பான், பெட்ரோல், மண்ணெண்ணெய் இவை மறுபடி மேலே வந்தால் உணவுக்குழாயையோ நுரையீரலையோ சேர்த்துக் கெடுக்கும். மயக்கத்தில் இருக்கும் நாய்க்கும், வலிப்பு வந்துகொண்டிருக்கும் நாய்க்கும் கூடாது. பூனைக்கு வீட்டில் வாந்தி வரவழைக்கவே கூடாது. உப்புத் தண்ணீர் ஊற்றுவது பழைய பழக்கம், உப்பே விஷமாகிவிடும். டாக்டர் சொல்லாமல் எதையும் செய்யாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பேசும்போது எப்படிப் பேசுவது? "டாக்டர், நாய் எதையோ தின்னுடுச்சு" என்றால் அவர் பத்துக் கேள்வி கேட்க வேண்டும். இப்படிச் சொன்னால் அரை நிமிடம் போதும்: "ஆண் நாய், 4 வயசு, 8 கிலோ. இருபது நிமிஷம் முன்னாடி எலி மருந்துப் பாக்கெட்டைக் கடிச்சிருக்கு, பாதி காணோம். பாக்கெட் கையில இருக்கு, பேர் படிக்கட்டுமா? இப்போ நல்லா நிக்குது, ஈறு இளஞ்சிவப்பா இருக்கு, வாந்தி இல்லை." எடை, நேரம், அளவு, மருந்தின் பெயர் என்ற நான்கும்தான் சிகிச்சையைத் தீர்மானிக்கின்றன. எலி மருந்து எல்லாம் ஒரே வகை இல்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைத் தின்ற நாய் மூன்று நாள், ஐந்து நாள் வரை நன்றாகவே ஓடியாடும், அப்புறம்தான் ரத்தம் கசியத் தொடங்கும். "நல்லாத்தானே இருக்கு" என்று காத்திருந்தவர்கள் இழந்தது அந்த நாட்களைத்தான். அதற்கு வைட்டமின் கே1 என்ற நல்ல மாற்றுமருந்து இருக்கும்போது இது கொடுமை.

போனை எடுக்க வேண்டிய மற்ற பொருட்கள்: சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரை இல்லாத மிட்டாய்களிலும் சூயிங்கத்திலும் சேர்க்கும் சைலிடால், மனிதர்கள் சாப்பிடும் வலி மாத்திரைகள். சைலிடால் அரை மணி நேரத்திலேயே நாயின் ரத்தச் சர்க்கரையை வீழ்த்திவிடக்கூடும். பூனைக்கு லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடலாம். நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனையின் கழுத்தில் விடுவதும் இந்தப் பட்டியலில் சேரும். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். பூனை வீட்டில் பூங்கொத்து வாங்கும்போதும், நாய் மருந்து வாங்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

டாக்டரை வீட்டுக்கு அழைப்பது

கேட்க மிக வசதியானது. ஆனால் அவசரத்தில் பெரும்பாலும் தவறான தேர்வு. அவர் கொண்டுவருவது ஒரு பை. ஆக்சிஜன் கூண்டு, எக்ஸ்ரே, ரத்தம் ஏற்றும் வசதி, அறுவை மேசை எதுவும் அந்தப் பையில் வராது. அவர் வந்து சேர ஒரு மணி நேரம், பார்த்துவிட்டு "உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்க" என்று சொல்ல ஐந்து நிமிடம். பாம்புக் கடி, மூச்சுத் திணறல், உப்பிய வயிறு, நிற்காத வலிப்பு ஆகியவற்றுக்கு அவரை எதிர்பார்த்து உட்காரவே கூடாது. அழைக்கும்போதே "நீங்க வந்தா இங்கேயே என்ன செய்ய முடியும்?" என்று கேட்டுவிடுங்கள். நல்ல டாக்டர் ஒளிக்காமல் சொல்வார்.

அவருக்கான இடம் வேறு. ஏற்கனவே நோய் இன்னதென்று தெரிந்த, எழுந்திருக்க முடியாத வயதான பெரிய நாய், வண்டியில் ஏற்றினாலே பயத்தில் மூச்சு வாங்கும் பூனை, தொடர்ந்து டிரிப்ஸ் போட வேண்டிய நோயாளி ஆகியவற்றுக்கு அவர் வருவது வரம். குணமாகாத நோயில் வலியில்லாமல் வழியனுப்ப வேண்டிய நாள் வந்தால், அது தன் படுக்கையில், தன் மனிதர்களின் மடியில் நடப்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

இரவு மருத்துவமனை

உயிருக்கு ஆபத்து என்றால் என் தேர்வு இதுதான். ஆனால் "24 மணி நேரம்" என்று பலகையில் இருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. சில இடங்களில் இரவில் உதவியாளர் மட்டும் இருப்பார், டாக்டர் வீட்டிலிருந்து வர வேண்டும். ஒரு பகல் நேரத்தில் நேரில் போய்க் கேளுங்கள். இரவில் டாக்டர் உள்ளேயே இருப்பாரா? ஆக்சிஜன், எக்ஸ்ரே, ஸ்கேன் இரவில் இயங்குமா? நள்ளிரவில் வயிற்று அறுவை செய்வார்களா, ரத்தம் ஏற்றுவார்களா? பூனை, முயல், பறவை எல்லாம் பார்ப்பார்களா? முன்பணம் எவ்வளவு, எப்படிக் கட்டலாம்? முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடங்கள் இருந்து, ஒன்று பக்கத்தில் சிறியதாகவும் இன்னொன்று தூரத்தில் வசதியுள்ளதாகவும் இருந்தால்? மூச்சு, ரத்தப்போக்கு, வலிப்பு என்றால் பக்கத்தில் இருப்பதற்கே போங்கள். ஆக்சிஜன் வைத்து, கட்டுப் போட்டு, வலிப்பை நிறுத்தும் ஊசி போட்டு, நிலைப்படுத்திய பிறகு பெரிய இடத்துக்கு மாற்றலாம். வயிறு உப்பல் என்றால் கிளம்பும்போதே போன் செய்து, இன்றிரவே அறுவை நடக்குமா என்று கேளுங்கள். இல்லை என்றால் எங்கே நேராகப் போவது என்று அவர்களே சொல்வார்கள். பாம்புக் கடிக்கும் அதே மாதிரி விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டே போக வேண்டும்.

அங்கே போனதும் உங்களுக்குப் பின்னால் வந்தவரை முதலில் உள்ளே விடலாம். வரிசை நோயின் தீவிரப்படி நகரும், வந்த நேரப்படி அல்ல. உங்களைக் காக்க வைத்தால் உங்கள் செல்லத்துக்கு நேரம் இருக்கிறது என்று பொருள். ஆனால் காத்திருக்கும்போது மூச்சோ நிறமோ மாறினால் எழுந்து போய்ச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். இரவு டாக்டருக்கு உங்கள் நாயின் வரலாறு தெரியாது. பழைய மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து போனில் வைத்திருந்தால் அந்தக் குறை பாதி தீரும். செலவைப் பற்றிப் பேசவும் கூச்சப்படாதீர்கள். "இன்றிரவே கட்டாயம் செய்ய வேண்டியது எது, காலையில் எங்கள் டாக்டரிடம் செய்யக்கூடியது எது?" என்பது நியாயமான கேள்வி.

நம் கையில் இருப்பது

வீட்டு முதலுதவியை மருத்துவமனைக்குப் போட்டியாக வைக்கக் கூடாது. அது போய்ச்சேரும் வரை உயிரைப் பிடித்து வைப்பதற்கு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அது பயணத்துக்கும் முந்துகிறது, அது வெப்பத் தாக்கு. வெயிலில் ஓடியோ மூடிய காரில் இருந்தோ நாய் துவண்டு, எச்சில் வழிந்து, கடுமையாக இளைத்தால் அங்கேயே குளிர்விக்கத் தொடங்குங்கள். குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிற வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிட்டால் சூடு உள்ளேயே தங்கும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் சொச்சம். 41ஐத் தாண்டினால் உறுப்புகள் கெடும். 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி, காற்றோட்டத்தோடு வண்டியில் ஏற்றுங்கள். தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் போங்கள். சிறுநீரகப் பாதிப்பும் ரத்தம் உறைவதில் வரும் கோளாறும் பின்னால்தான் தெரியும்.

ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். நனைந்தால் எடுக்காமல் மேலே இன்னொரு துணி. பாம்புக் கடித்த இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். வலிப்பு வரும்போது வாயில் கை வைக்காதீர்கள், நாக்கை விழுங்கிவிடாது. சுற்றியுள்ள பொருட்களை நகர்த்தி, மணியைப் பார்த்து, முடிந்தால் வீடியோ எடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ 24 மணி நேரத்தில் இரண்டாவது தடவை வந்தாலோ அவசரம். மூச்சும் இல்லை, அசைவும் இல்லை என்றால் பக்கவாட்டில் படுக்க வைத்து மார்பை அழுத்த வேண்டும். கால்நடை மருத்துவர்களின் ரெகவர் குழு 2012இல் வெளியிட்டு 2024இல் புதுப்பித்த வழிகாட்டுதல்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. எவ்வளவு பழக்கமான நாயும் வலியில் கடிக்கும். வாய்க்கட்டு போடலாம், ஆனால் வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் வேண்டாம்.

பணம்: காப்பீடா, சேமிப்பா?

செல்லப்பிராணிக் காப்பீட்டில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். எடுத்த உடனே அமலுக்கு வராது, காத்திருப்புக் காலம் இருக்கும். ஏற்கனவே இருக்கும் நோய் பெரும்பாலும் சேராது. பல திட்டங்களில் நீங்கள் முதலில் கட்டிவிட்டு, பில்லைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். அதனால் காப்பீடு இருந்தாலும் அந்த இரவில் கையில் பணம் வேண்டும். குட்டியாக இருக்கும்போதே எடுத்தால் காப்பீடு லாபம். வயதாகி நோய்கள் சேர்ந்துவிட்ட பிராணிக்கு மாதாமாதம் தனியாக ஒதுக்குவதே நல்லது என்பேன். எவ்வளவு வரை செலவழிக்க முடியும் என்பதைக் குடும்பத்தில் எல்லோரும் நிதானமாக இருக்கும் ஒரு நாளில் பேசிவிடுங்கள். மருத்துவமனை வாசலில் அந்தப் பேச்சு சண்டையாகத்தான் முடியும்.

ஆக, என் வரிசை இது: ஈறு, மூச்சு பார்ப்பது, போன் போடுவது, தேவையென்றால் பேசிக்கொண்டே வண்டியில் ஏறுவது. இதற்கு முன்தயாரிப்பு அதிகமில்லை. மூன்று நம்பர்களைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்: வழக்கமான டாக்டர், இரவு மருத்துவமனை, நள்ளிரவில் வண்டி எடுத்து வரக்கூடிய ஒருவர். உங்கள் நாட்டில் விலங்குகளுக்கான விஷத் தகவல் மையம் இருந்தால் அதையும் சேருங்கள். மருத்துவமனைக்கு ஒருமுறை சும்மா வண்டி ஓட்டிப் போய் வாருங்கள். பூனையின் கேரியரைப் பரணில் போடாமல் அறையிலேயே திறந்து வையுங்கள், அது அதில் தூங்கிப் பழகட்டும். ஒரு பையில் பஞ்சுத்துணி, கட்டுத்துணி, டிஜிட்டல் தெர்மாமீட்டர், டார்ச், துண்டு, உதிரிக் கயிறு, ஸ்ட்ரெச்சராகப் பயன்படும் கெட்டியான போர்வை ஆகியவற்றைப் போட்டு வாசல் பக்கம் வையுங்கள். மனித வலி மாத்திரைகள் அந்தப் பையில் வேண்டாம்.

நீங்கள் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்பவரிடம் சாவியோடு ஒரு கடிதமும் கொடுங்கள். "நான் போனில் கிடைக்காவிட்டாலும் சிகிச்சை தொடங்கலாம், இவ்வளவு தொகை வரை நான் பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகலை உங்கள் டாக்டரிடமும் கொடுத்து வையுங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் பெரிய சிகிச்சையில் இறங்க மருத்துவமனைகள் தயங்கும், அந்தத் தயக்கத்தில் நேரம் போகக் கூடாது.